இன்வாய்ஸ் விலை கிடைக்கும் என்கிறார்கள், எந்த விலை?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வண்டியைத் தெருவில்தான் நிறுத்துகிறோம். 2025 ஜூலையில் வாங்கிய புதுக் கார். 1,200 சிசிக்குள், 4 மீட்டருக்குள் வரும் பெட்ரோல் வண்டி. ஷோரூம் விலை 9.40 லட்சம். ஆயுள் வரி, ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வரும்போது 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பேங்க் லோன் 9 லட்சம், வட்டி 9 சதவீதம், 7 வருடம். இப்போது முதல் ரினீவல் வருகிறது. போன வருடம் ஷோரூமிலேயே 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். இந்த வருடமும் வேண்டுமென்றால் அதற்கு 1,900 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஐடிவி 6.88 லட்சம்தான் என்கிறார்கள். ஒரே வருடத்தில் இரண்டரை லட்சம் எப்படிக் குறையும்? "பம்பர் டு பம்பர் இருக்கே, இது தண்டச் செலவு" என்கிறார் கணவர். லண்டனில் இருக்கும் என் தம்பியோ, "இங்கே புது வண்டி நொறுங்கினால் கம்பெனியே புது வண்டி கொடுத்துவிடும், அதே மாதிரிதான் அதுவும், விட்டுவிடாதே அக்கா" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

1,900 ரூபாய்க்கு வருவதற்கு முன்னால் அந்த 6.88 லட்சத்தைப் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

ஐடிவி என்பது, வண்டி முழுதாகப் போய்விட்டால் கம்பெனி தருவதாக ஒப்புக்கொள்ளும் தொகை. முழுதாகப் போவது என்றால் ஒன்று, திருடுபோய்த் திரும்பக் கிடைக்காமலே போவது. இன்னொன்று, ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டும் அளவுக்கு அடிபடுவது. இந்தத் தொகையைக் கணக்கிட ஓர் அட்டவணை இருக்கிறது. ஆறு மாதம் வரையிலான வண்டிக்குத் தயாரிப்பாளர் அறிவித்த விற்பனை விலையில் 5 சதவீதம் கழிப்பார்கள். ஒரு வருடம் வரை 15 சதவீதம். ஒரு வருடம் தாண்டினால் 20, இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டி ஐந்து வரை 50. பாலிசி தொடங்கும் நாளில் வைத்த தொகை அந்தப் பாலிசி வருடம் முடியும்வரை மாறாது. பதினோராவது மாதம் வண்டி போனாலும் அதே தொகைதான்.

அதன்படி போன வருடம் உங்கள் ஐடிவி 8.93 லட்சமாக இருந்திருக்கும். பழைய பாலிசியை எடுத்துப் பாருங்கள். இந்த வருடம் 9.40 லட்சத்தில் 20 சதவீதம் போனால் 7.52 லட்சம் வர வேண்டும் அல்லவா? ஆனால் 6.88 என்கிறார்கள். நீங்கள் திகைப்பதில் நியாயம் இருக்கிறது.

விஷயம் இதுதான். கழிப்பது நீங்கள் கொடுத்த விலையிலிருந்து இல்லை. ரினீவல் அன்று அந்த மாடலுக்கு என்ன விலையோ அதிலிருந்து. நீங்கள் வண்டி எடுத்து இரண்டு மாதம் ஆகியிருக்கும், 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டியைக் குறைத்துவிட்டார்கள். உங்கள் வண்டி மாதிரியானவற்றுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத செஸ்ஸும் இருந்த இடத்தில் வெறும் 18 ஆனது. 9.40 லட்சத்திலிருந்து பழைய வரியை எடுத்துவிட்டுப் புது வரியைப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 8.60 லட்சம் வரும். அதில் 20 சதவீதம் கழித்தால் 6.88. உங்களுக்குக் கணக்கு எழுதிய ஆள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் 80 ஆயிரம் மிச்சமாகியிருக்குமே என்று இப்போது வீட்டில் சண்டை போட வேண்டாம். அந்த ஜூலையில் இது வாங்குகிற யாருக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் கேட்டு வாங்கலாம். சரியாக ஒரு வருடம் முடிகிற ரினீவலுக்கு 15 சதவீதம் கழிப்பதா, 20 கழிப்பதா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் இடம் கொடுக்கிறார்கள். 15 கழித்தால் 7.31 லட்சம். பிரீமியம் கொஞ்சம் கூடும். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தால் ஐடிவியையாவது மேல் எல்லைக்கு வைக்கச் சொல்லுங்கள். பிரீமியம் குறைவு என்று காட்டுவதற்காக ஐடிவியைக் கீழே இறக்கி வைக்கும் ஏஜென்ட்டுகள் உண்டு. வாடிக்கையாளர் கடைசித் தொகையை மட்டும்தான் பார்ப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்போது உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். பம்பர் டு பம்பர் நல்ல பாலிசிதான். ஆனால் அது ரிப்பேருக்கு மட்டும். சாதாரணப் பாலிசியில் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகம், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் பாதி விலையைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். தகரப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. ஒன்றிலிருந்து இரண்டு வருட வண்டிக்கு 10 சதவீதம். பெரும்பாலான பாகங்களுக்கு அந்தக் கழிவு இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் பம்பர் டு பம்பர். வண்டி முழுதாகப் போய்விட்டால் அதற்கு வேலையே இல்லை. அப்போது வருவது ஐடிவி, அதில் ஆயிரம் ரூபாய் கட்டாயக் கழிவு போக மீதி. இருபது வருடத்துக்கு மேலாக, வண்டிச் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் சர்வேயராக இருக்கிறேன். டோட்டல் லாஸ் என்று நான் சொன்னதும், "சார், பம்பர் டு பம்பர் போட்டிருக்கேனே, முழுப் பணமும் வந்துடும்ல" என்று கேட்டவர்கள் எண்ணிக்கையில் அடங்க மாட்டார்கள். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே கிடையாது.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், நாங்கள் ஆர்டிஐ என்போம், வேலை செய்வது அந்த இடத்தில் மட்டும்தான். ஐடிவிக்கும் வாங்கிய விலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை அது நிரப்பும். கதவு நசுங்கினால், கண்ணாடி போனால், ஏன், நாலு லட்ச ரூபாய்க்கு ரிப்பேர் வந்தால்கூட அதிலிருந்து ஒரு பைசா வராது. உங்கள் ஐடிவிக்கு 75 சதவீதம் என்பது 5.16 லட்சம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் ரிப்பேர், அந்தப் பக்கம் போனால் டோட்டல் லாஸ்.

இந்தக் கோடு மனிதர்களை என்ன பாடு படுத்தும் என்பதற்கு ஒரு மழைக்காலம் நினைவுக்கு வருகிறது. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் லாரிக்குப் பின்னால் போய் மோதிய வண்டி ஒன்று. வாங்கி எட்டு மாதம். எஸ்டிமேட் ஐடிவியில் 71 சதவீதத்தில் நின்றது. உரிமையாளரிடம் ஆர்டிஐ இருந்தது. "சார், இன்னும் நாலு பார்ட்ஸ் சேர்த்து எழுதுங்க, டோட்டல் லாஸ் ஆயிடும், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்றார். அதே வாரம் இன்னொரு வண்டி, 78 சதவீதம். அவரிடம் ஆர்டிஐ இல்லை, லோன் நிறைய பாக்கி. "எப்படியாவது ரிப்பேர் பண்ணிக் குடுத்துடச் சொல்லுங்க சார், டோட்டல் லாஸ் மட்டும் வேண்டாம்" என்று கெஞ்சினார். இரண்டு பேருக்கும் நான் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. வண்டியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத முடியும்.

இரண்டாமவர் ஏன் கெஞ்சினார் என்பது உங்கள் எண்களை வைத்தே தெரியும். 9 லட்சம், 9 சதவீதம், 84 மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 14,480 ரூபாய். வரும் டிசம்பர் மழையில் வண்டி போய்விட்டது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதற்குள் 17 தவணை கட்டியிருப்பீர்கள், கிட்டத்தட்ட இரண்டரை லட்சம். ஆனால் முதல் வருடங்களில் தவணையில் கணிசமான பங்கு வட்டிக்குப் போய்விடுவதால் பாக்கி இன்னும் 7.60 லட்சம் நிற்கும். கம்பெனி தருவது 6.87 லட்சம். ஆர்சியில் பேங்கின் பெயர் இருப்பதால் அந்தப் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும். மிச்சம் 73 ஆயிரத்தை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். வண்டியும் இல்லை, முதலில் போட்ட இரண்டு லட்சமும் இல்லை, மேலே 73 ஆயிரம் கடன். நீண்ட தவணையில் வண்டி வாங்கியவர்களுக்கு ஆர்டிஐ பற்றி நான் எப்போதும் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

இதே இடத்தில் ஆர்டிஐ இருந்தால்? இங்கேதான் தலைப்பில் இருக்கும் கேள்வி வருகிறது. இன்வாய்ஸ் விலை என்று எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னாலும் பாலிசிக்குப் பாலிசி உள்ளே எழுதியிருப்பது வேறு வேறு.

ஒரு வகையில் இன்வாய்ஸில் இருக்கும் ஷோரூம் விலை மட்டும் வரும். உங்களுக்கு 9.40 லட்சம். லோனை அடைத்த பிறகு கையில் 1.79 லட்சம் நிற்கும். இன்னொரு வகையில் அதோடு ஆயுள் வரியும் ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணமும் சேரும், சிலவற்றில் முதல் வருட இன்சூரன்ஸ் பிரீமியம்கூட. தமிழ்நாட்டில் இந்த இரண்டு வகைக்கும் இடையே பெரிய வித்தியாசம். 2023 நவம்பரில் ஆயுள் வரியை ஏற்றியதிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. உங்கள் வண்டிக்கு சுமார் 1.22 லட்சம் கட்டியிருப்பீர்கள். அதுவும் சேர்ந்து வந்தால் லோன் போக மூன்று லட்சம் கையில் நிற்கும்.

மூன்றாவது வகைதான் உங்களைப் போல ஜிஎஸ்டி குறைப்புக்கு முன்னால் வாங்கியவர்கள் உஷாராக இருக்க வேண்டியது. 'வாங்கிய விலை, அல்லது அதே மாடலின் இன்றைய விலை, இதில் எது குறைவோ அது' என்று எழுதியிருப்பார்கள். வருடா வருடம் விலை ஏறிக்கொண்டே இருந்த காலத்தில் இந்த வாசகத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்றைய விலை எப்போதும் கூடத்தான் இருக்கும், ஆகவே வாங்கிய விலையே கிடைத்துவிடும். ஜிஎஸ்டி குறைந்து விலை இறங்கியதும் அந்த வாசகத்துக்கு உயிர் வந்துவிட்டது. உங்களுக்கு 9.40 இல்லை, 8.60தான் வரும். லோன் போனால் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பெயர் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், ஆனால் இன்வாய்ஸுக்குத் திரும்ப மாட்டார்கள்! அப்படி எழுதியது தப்பென்றும் நான் சொல்ல மாட்டேன். 8.60 லட்சத்துக்கு அதே வண்டி கிடைக்கும்போது 9.40 எதற்கு என்று கம்பெனி கேட்கலாம், அதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் லோன் பழைய விலைக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, அது உங்கள் நியாயம்.

இதைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 14 லட்ச ரூபாய் வண்டி, திண்டிவனம் பைபாஸில் தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் கீறல்தான், அதுவரை நிம்மதி. ஆர்டிஐ போட்டிருந்தார், ஆன்ரோடு விலை வரும் என்று விற்றவர் வாயால் சொல்லியிருக்கிறார். செட்டில்மென்ட் வந்தபோது ஆயுள் வரிக்குக் கொடுத்த இரண்டரை லட்சம் அதில் இல்லை. பாலிசியில் தெளிவாக 'ஷோரூம் விலை' என்று இருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. அவர் என்னிடம் கோபப்பட்டார், விற்றவர் அதற்குள் வேறு டீலரிடம் வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

சரி, 1,900 ரூபாய் நியாயமா? 18 சதவீத ஜிஎஸ்டியோடு 2,242. உங்கள் பாலிசி முதல் வகை என்றால் ஐடிவிக்கு மேல் கிடைக்கக்கூடியது 2.52 லட்சம். அதாவது உங்களைப் போன்ற 112 வண்டிகளில் ஒன்று இந்த ஒரு வருடத்தில் முழுதாகப் போனால் கொடுத்ததும் வந்ததும் சரியாகும். மூன்றாவது வகை என்றால் 77 வண்டிகளில் ஒன்று போக வேண்டும். வரியும் சேர்த்துத் தரும் வகை என்றால் 167-இல் ஒன்று போனாலே போதும். ஒரே விலைக்கு மூன்று பொருள் இருக்கிறது, பாருங்கள். சராசரிக் கணக்குப்படி எந்த வகையிலும் கம்பெனிக்குத்தான் மிச்சம், இல்லாவிட்டால் விற்கவே மாட்டார்கள். ஆனால் நீங்கள் 112 வண்டி வைத்திருக்கவில்லை, ஒன்றுதான் வைத்திருக்கிறீர்கள். 2,242 ரூபாய் போனால் குடும்பம் ஆடாது. வண்டியும் போய் 73 ஆயிரம் கடனும் நின்றால் ஆடும். அதனால் உங்கள் நிலைமைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், மூன்றாவது வகையாக இல்லாமல் இருந்தால். மூன்றாவது வகைதான் கிடைக்கிறது என்றால் விலையை ஆயிரத்து இருநூறு, முந்நூறுக்கு இறக்கச் சொல்லிப் பேசுங்கள், அல்லது வேறு கம்பெனி பாருங்கள்.

வேறு கம்பெனி பார்ப்பது உங்களுக்கு எளிது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை முதலிலேயே எடுத்தாக வேண்டும். ஆகவே உங்களுடைய தேர்டு பார்ட்டி 2028 வரை ஓடும். இப்போது புதுப்பிக்க வேண்டியது சொந்த வண்டிக்கான பகுதியை மட்டும்தான். அதை எந்தக் கம்பெனியிலும் எடுக்கலாம், கிளெய்ம் எதுவும் கேட்காமல் இருந்ததற்கான 20 சதவீதத் தள்ளுபடியும், அதாவது என்சிபியும், கூடவே வரும். போன வருடப் பாலிசியில் ஆர்டிஐ இருந்தது உங்களுக்கு வசதி. நடுவில் ஒரு வருடம் விட்டுவிட்டால் அப்புறம் சேர்க்க மறுக்கும் கம்பெனிகள் உண்டு. வண்டிக்கு மூன்று வயது வரைதான் பலர் இதைத் தருகிறார்கள், சிலர் ஐந்து வரை. முதல் உரிமையாளருக்குத்தான், செகண்ட் ஹேண்ட் வாங்கியவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. ஆர்டிஐயை விழுந்து விழுந்து விற்பது ஷோரூமில், முதல் வருடத்தில். ஆனால் முதல் வருடம் ஐடிவியே 95 சதவீதம் இருக்கிறது. உங்களுக்குப் போன வருடம் ஷோரூம் விலைக்கும் ஐடிவிக்கும் வித்தியாசம் 47 ஆயிரம்தான். ஆயுள் வரியும் சேர்த்துத் தரும் பாலிசி என்றால்தான் முதல் வருடத்தில் அதற்குப் பெரிய அர்த்தம். பள்ளம் உண்மையாகவே ஆழமாவது இரண்டாவது, மூன்றாவது வருடங்களில். அப்போதுதான் ஜனங்கள் 'ஒரு வருஷம் ஒண்ணும் ஆகலையே' என்று அதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் கணவர் மட்டும் இல்லை, ஊரே அப்படித்தான்.

லண்டன் தம்பி சொல்வது அந்த ஊருக்குச் சரி. அங்கே பல காம்ப்ரிஹென்சிவ் பாலிசிகளில், வண்டி வாங்கி ஒரு வருடத்துக்குள், முதல் உரிமையாளராக இருந்து, ரிப்பேர் செலவு புது விலையில் பாதியையோ அதற்குக் கொஞ்சம் மேலோ தாண்டினால், அதே மாடலில் புது வண்டி கொடுத்துவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. சாவியை யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள். பணம் வரும், அதிலிருந்து லோன் கழியும், புது வண்டிக்கு நீங்கள் மறுபடி ஆயுள் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மடிப்பாக்கம், தெருவில் பார்க்கிங் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தென்சென்னையில் நாங்கள் பார்த்த வண்டிகள் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிவிட்டால் சீட், வயரிங், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசிஎம், ஏர்பேக் எல்லாம் சேர்ந்து எஸ்டிமேட் சீக்கிரமே 75 சதவீதத்தைத் தொட்டுவிடும். நின்ற இடத்தில் வண்டி முழுகினால் சாதாரணப் பாலிசியே வெள்ளச் சேதத்தை ஏற்கும், டோட்டல் லாஸ் ஆனால் ஆர்டிஐயும் கூட வரும். சிக்கல் எங்கே என்றால், தண்ணீர் வடியும் முன்பே 'ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புவதில். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால், அது வெள்ளம் செய்த சேதம் இல்லை, நீங்கள் செய்தது என்று கழித்துவிடுவார்கள். அதற்குத்தான் இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாக விற்கிறார்கள். உங்கள் ஏரியாவுக்கு அது கட்டாயம். இன்ஜின் புரொடெக்ட் இருந்தாலும் சாவியைத் திருப்பாதீர்கள், டோ செய்யச் சொல்லுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்துகிறார்களே, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், சர்வேயர் பார்வையில் அதைவிட மலிவான இன்சூரன்ஸ் கிடையாது.

பட்ஜெட் இடிக்கிறது, பம்பர் டு பம்பர், ஆர்டிஐ இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால்? பெரும்பாலான ஏஜென்ட்டுகள் பம்பர் டு பம்பரைத்தான் சொல்வார்கள். அடிக்கடி உதவுவது அதுதான், உண்மை. ஆனால் அது மிச்சப்படுத்துவது பெரும்பாலும் பத்தாயிரம், இருபதாயிரம். கொஞ்சம் பல்லைக் கடித்துச் சமாளித்துவிடலாம். ஆர்டிஐ உதவுவது அபூர்வம், உதவினால் லட்சங்களில். லோன் அதிகம் உள்ளவர் ஆர்டிஐயை வைத்துக்கொண்டு மற்றதை விடலாம் என்பது என் கருத்து. என் தொழில்காரர்களிலேயே பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதே நேரம், மொத்தப் பணமும் கொடுத்து வண்டி வாங்கியவர், வீட்டுக்குள் பார்க்கிங், பேங்கில் நாலைந்து லட்சம் சும்மா இருக்கிறது என்றால், அவருக்கு ஆர்டிஐ தேவையே இல்லை. அவர் அந்த இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கலாம்.

ஆர்டிஐ எடுத்தாலும் அது முதன்மை கிளெய்மின் தோளில் ஏறித்தான் வரும். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, குடித்திருந்தார், சொந்த வண்டியை வாடகைக்கு விட்டார் என்று அது தள்ளுபடி ஆனால் இதுவும் போச்சு. வெளியில் போட்ட சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் இன்வாய்ஸில் வராது. டீலர் டிஸ்கவுண்ட் கொடுத்து இன்வாய்ஸில் குறைத்திருந்தால் அந்தக் குறைத்த தொகைதான் கணக்கு. திருட்டு என்றால் எஃப்ஐஆர் உடனே போட வேண்டும். வண்டி கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் சான்று கொடுக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டு சாவியையும் கேட்பார்கள், இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் மாதங்களில் வண்டிதான் இல்லையே என்று இஎம்ஐயை நிறுத்திவிடாதீர்கள். சிபில் ஸ்கோர் கெட்டுப்போனால் அடுத்த லோன் கிடைக்காது.

இன்வாய்ஸ், ஆயுள் வரி ரசீது, முதல் வருடப் பாலிசி மூன்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு வையுங்கள். கார் டேஷ்போர்டுக்குள் வைத்திருந்து, காரோடு சேர்த்து முழுகவிட்டவர்களும் உண்டு. பிறகு கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள், போனில் கேட்க வேண்டாம்: 'டோட்டல் லாஸ் அல்லது திருட்டில், ஆர்டிஐயின் கீழ் நீங்கள் தருவது 2025 ஜூலை இன்வாய்ஸ் விலையா, அன்றைய ஷோரூம் விலையா, இரண்டில் குறைவானதா? ஆயுள் வரியும் ரிஜிஸ்ட்ரேஷனும் சேருமா? இதற்கான பாலிசி வாசகத்தை அனுப்பவும்.' பதில் எழுத்தில் வர வேண்டும். ரினீவல் தேதிக்குப் பத்து நாளாவது முன்னால் அனுப்புங்கள், பதில் சரியில்லை என்றால் வேறு கம்பெனியில் விலை கேட்க நேரம் வேண்டுமே. தேதி தவறிவிட்டால் புது பாலிசிக்கு வண்டியை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்ட வேண்டியிருக்கும், 90 நாள் தாண்டினால் அந்த 20 சதவீத என்சிபியும் போய்விடும்.